மெஷினுக்கு அட்வான்ஸ் போடும் முன் அ-பதிவேட்டைப் பாருங்கள்

போன மாதம் கருங்கலிலிருந்து என் மைனி மகன் வந்திருந்தான். நேந்திரங்காய் சிப்ஸ் போடும் சின்ன ஆலை ஒன்று வைக்கப் போகிறானாம். செல்போனில் ஒரு மெஷின் வீடியோவைக் காட்டினான். "அத்தை, நாளைக்கு அட்வான்ஸ் போடப்போறேன்" என்றான்.

"இடம் எங்க மக்களே?" என்று கேட்டேன்.

"அதான் நம்ம விளை சும்மா கிடக்குல்லா."

அந்த விளையின், அதாவது மேட்டுத் தோட்ட நிலத்தின், பட்டாவை அவன் இதுவரை கையில் எடுத்துப் பார்த்தது கிடையாது. பணத்தை அனுப்பாதே என்று சொல்லி உட்காரவைத்தேன். அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நம் குமரி மாவட்டத்தில் சிறுதொழில் தொடங்க நினைக்கிற யாருக்கும் இது உதவும்.

நானும் வீட்டுக்காரரும் ஈத்தாமொழி பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறோம். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் கொப்பரை வியாபாரம். ஆலைக்கு இடம் தேட ஆரம்பித்தது 2022 கடைசியில், முதல் எண்ணெய் இறங்கியது 2024 ஏப்ரலில். மெஷின்களைப் பொருத்த மொத்தம் பதினோரு நாள்தான் ஆனது. கட்டட வேலை நான்கு மாதம். மிச்ச மாதங்கள் எல்லாம் காகிதத்துக்குப் போயின. அதில் பாதி, வரிசை தெரியாமல் நடந்ததால் வீணானவை.

இடம்தான் முதல் லைசென்ஸ்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது சர்வே எண். இடம் சரியாக இருந்தால் மற்றவை தாமதமானாலும் கிடைத்துவிடும். இடம் சரியில்லை என்றால் யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நாங்கள் முதலில் பேசிய இடம் 40 சென்ட். நல்ல தார் ரோடு, கிணறு, முப்பது வருடம் காய்த்த தென்னைகள். தோப்பு என்றுதான் விற்கிறவர் சொன்னார், பார்த்தால் தோப்புதான். 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். அப்புறம்தான் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பார்த்தோம். "நஞ்சை" என்று இருந்தது. ஒரு காலத்தில் அது ஏலா என்கிற வயல்வெளியின் ஓரம், வயல். வயலை மேடாக்கித் தென்னை வைத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது, கணக்கில் மட்டும் வயலாகவே நிற்கிறது. நம் மாவட்டத்தில் இப்படி வயல் வாழையாகவும் தென்னையாகவும் மாறின இடங்கள் ஏராளம். கண்ணால் பார்த்து முடிவுசெய்யவே கூடாது.

நஞ்சையில் கட்டவே முடியாது என்பதில்லை. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017-இல் வந்த விதிகள் இருக்கின்றன. நகர் ஊரமைப்புத் துறைக்கு விண்ணப்பம் போட வேண்டும், வேளாண்மை இணை இயக்குநரின் அறிக்கை வேண்டும், நஞ்சை என்றால் கலெக்டரின் இசைவும் வேண்டும். பாசன வாய்க்கால் பக்கத்தில் ஓடினால் இன்னும் கடினம். சின்ன முதலீட்டில் ஆரம்பிக்கிறவர்கள் அந்த வழியில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் விலகிக்கொண்டோம். அட்வான்ஸில் 30,000 திரும்ப வந்தது, 20,000 போனது.

அதனால் ஒரு பைசா கொடுப்பதற்கு முன்னால் நான்கு காகிதங்களைப் பாருங்கள். பட்டா, அ-பதிவேடு, எஃப்எம்பி என்று சொல்லும் புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்று. முதல் மூன்றையும் வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்கம் பதிவுத்துறையின் தளத்தில் கிடைக்கும். பழைய பிரமாணத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், அளவு சென்ட்டில் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட், கணக்காகச் சொன்னால் 2.47. மாற்றிப் பார்த்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் சர்வேயரை வைத்து அளந்துவிட்டுப் பேசுங்கள்.

கூட்டுப்பட்டா இருந்தால் இன்னொரு வேலை சேரும். அண்ணன் தம்பி மூன்று பேர் பெயர் போட்ட பட்டாவில் "என் பங்கு இந்தப் பக்கம்" என்று வாய்வார்த்தையில் சொல்வது வங்கிக்கும் செல்லாது, அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கும் செல்லாது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகுதான் அடுத்த அடி.

அடுத்தது, இடம் எங்கே இருக்கிறது என்பது. குமரி மாவட்டம் சின்னது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் குளங்கள். மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடலோரத்தில், கடல் அலை ஏறும் உயர்ந்த மட்டமான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற, ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களில் கடல்நீர் ஏறி இறங்கும் கரைகளுக்கும் அந்த விதி உண்டு. மலையோரக் கிராமங்கள் பல, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. 1990-இல் வந்த ஏற்பாடு அது. உங்கள் கிராமம் பட்டியலில் இருந்தால் கட்டடத்துக்கு அந்தக் குழுமத்தின் அனுமதியும் சேரும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கம் இடம் பார்க்கிறவர்கள் தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமா என்பதையும் வனத்துறையில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். 1949-ஆம் வருடச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது, ரப்பர் நிற்கிற நிலங்கள்கூட அதில் மாட்டியிருக்கின்றன. சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022-இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன, அந்தக் கரைகளையும் தவிர்ப்பது நல்லது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் தொழிற்பேட்டையில் மனை கேட்கலாம். நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் தொழிற்பேட்டை இருக்கிறது. மனை காலியாக வந்தால் முதல் ஆளாகப் போங்கள். நில வகைப்பாட்டுத் தலைவலி பெரும்பாலும் அங்கே கிடையாது.

நாங்கள் கடைசியில் வாங்கியது 35 சென்ட் புஞ்சை. தென்னை குறைவு, தண்ணீர் சுமார், ரோடு கொஞ்சம் ஒடுக்கம். ஆனால் பதிவேடு சுத்தம்.

பெயரும் கணக்கும்

இது சீக்கிரம் முடியும். தனி உரிமையா, கூட்டா, கம்பெனியா என்று முடிவுசெய்து பான் கார்டு, நடப்புக் கணக்கு தயார்செய்யுங்கள். அப்புறம் உத்யம் பதிவு, குறு சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு அது. ஆதாரும் பான் எண்ணும் போதும், அரை மணி நேர வேலை, கட்டணம் கிடையாது. அரசு தளம் மாதிரியே தோற்றம் உள்ள தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும், கட்டாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் மெஷினில் இரண்டரைக் கோடி வரை முதலீடும் பத்துக் கோடி வரை விற்பனையும் உள்ளவை குறுந்தொழில். நம்மில் பெரும்பாலோர் அதற்குள்தான். ஜிஎஸ்டி, சரக்கு விற்கிறவர்களுக்கு வருடம் 40 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். வெளிமாநிலத்துக்கு விற்றால் தொகை பார்க்காமல் கட்டாயம். களியக்காவிளை தாண்டினாலே வெளிமாநிலம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் ஆரம்பத்திலேயே எடுத்துவிடுவது நல்லது.

ஒரே தாள்

அனுமதிகளுக்கு அலைவதற்கு முன்னால் ஒரு தாளை எழுதிக்கொள்ளுங்கள். என்ன பொருள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்த மெஷின், ஒவ்வொன்றும் எத்தனை ஹெச்பி, எத்தனை ஆட்கள், எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போகும், நிலம் கட்டடம் மெஷின் எல்லாம் சேர்த்து மதிப்பு எவ்வளவு. ஊராட்சி, மின்வாரியம், மாசு வாரியம், உணவுப் பாதுகாப்பு என்று எல்லோரும் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். எல்லா இடத்திலும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும். நான் ஒரு விண்ணப்பத்தில் 17 ஹெச்பி என்றும் இன்னொன்றில் 15 என்றும் எழுதி, ஒரு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதை மின்சாரம் வரும்போது சொல்கிறேன்.

எங்கள் தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு நாளைக்கு 500 கிலோ எண்ணெய், ஏழு ஆட்கள், அதில் ஐந்து பேர் பெண்கள். கழிவுநீர் என்று பெரிதாக எதுவும் இல்லை, தரை கழுவுகிற தண்ணீர்தான். பிண்ணாக்கு மாட்டுத்தீவனத்துக்கு, சிரட்டை கரி சுடுகிறவர்களுக்கு, கதம்பை என்கிற தேங்காய் மட்டை கயிற்று ஆலைக்கு.

ஒற்றைச் சாளரமும் ஊராட்சியும்

தமிழ்நாடு தொழில் எளிமையாக்கல் சட்டம் 2018-இல் வந்தது. குறு, சிறு, நடுத்தர ஆலைகளுக்கான அனுமதிகளைப் பார்க்க மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு, அதைக் கூட்டுகிறவர் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர். ஒற்றைச் சாளர இணையதளத்தில் உங்கள் தொழில் விவரத்தைப் போட்டால் உங்களுக்கு எந்தெந்த அனுமதி வேண்டும் என்று பட்டியல் வரும், அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். நான் முதலில் இது தெரியாமல் ஒரு ஏஜெண்டிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அவர் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, தன் செல்போன் எண்ணிலேயே கணக்கு தொடங்கியிருந்தார். திருத்தம் கேட்டு வந்த செய்திகள் எல்லாம் அவருக்குப் போய், எனக்கு ஒன்றரை மாதம் எதுவும் தெரியவில்லை. ஆள் வைத்துக்கொள்வது தப்பில்லை. ஆனால் எண்ணும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும். விண்ணப்பம் எங்கேயாவது நின்றுவிட்டால் தொழில் மையத்துக்கு நேரே போங்கள், இந்த வேலைக்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

கட்டட அனுமதி, அளவைப் பொறுத்து ஊராட்சி மட்டத்தில் முடியலாம், அல்லது மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகலாம். பதிவுபெற்ற பொறியாளர் வரைந்த பிளான் வேண்டும். ரோட்டின் அகலத்தை இரண்டு இடத்தில் அளந்து எழுதச் சொல்லுங்கள். வழி தனியார் நிலத்தில் போனால் வழிப்பாத்தியம் பிரமாணத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ஊராட்சியில் இன்னும் இரண்டு காகிதம் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 160-ஆவது பிரிவின்படி ஆலை கட்டவும் மெஷின் பொருத்தவும் அனுமதி, 159-ஆவது பிரிவின்படி சில தொழில்களுக்கு வருடாந்தர உரிமம். இரண்டாவதைத்தான் டி அண்ட் ஓ (ஆபத்தான, தொல்லைதரும் தொழில்களுக்கான) லைசென்ஸ் என்கிறார்கள். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், அங்கே விதிகள் நகர்ப்புறச் சட்டத்தின்படி போகும். ஒரே ரோட்டில் இடப்பக்கம் ஊராட்சியும் வலப்பக்கம் பேரூராட்சியுமாக இருக்கிற ஊர்களும் உண்டு. வீட்டு வரி ரசீது எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும்.

மாசு வாரியம்: கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் ஒன்று

இதைத்தான் பலரும் கடைசியில் வைக்கிறார்கள். அது பெரிய தப்பு. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981, இரண்டின் கீழும் பெரும்பாலான ஆலைகள் இசைவாணை வாங்க வேண்டும். நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. நிறுவும் இசைவாணை கையில் வராமல் அஸ்திவாரம் தோண்டக் கூடாது.

ஆலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்திருக்கிறார்கள். வெள்ளை என்றால் கெடுதல் மிகக் குறைவு. சிவப்பு என்றால் மனை எங்கே என்பதிலிருந்தே கேள்விகள் கடுமையாகும். எங்களுடையது சுத்திகரிப்பு இல்லாத வெறும் ஆட்டும் ஆலை, பச்சையில் வந்தது. முந்திரி, கயிறு, ரப்பர் எல்லாம் செய்முறையைப் பொறுத்து மாறும். சாயம் சேர்ந்தாலோ பாய்லர் சேர்ந்தாலோ நிறமும் மாறலாம். மெஷின் விற்கிறவர் "இது ஒயிட் கேட்டகரி மேடம்" என்று சொல்வதை நம்பாமல், வாரியத்தின் பட்டியலில் உங்கள் தொழிலின் பெயரை நீங்களே தேடுங்கள்.

கேட்ட காகிதங்கள்: நில ஆவணம், நில வகைப்பாட்டுச் சான்று, ஆலைக்குள் எது எங்கே என்று காட்டும் பிளான், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்ற வரைபடம், கொப்பரை உள்ளே வருவதிலிருந்து எண்ணெய் வெளியே போவது வரை செய்முறைப் படம், நிலம் கட்டடம் மெஷின் மதிப்புக்கு ஆடிட்டர் சான்று. கட்டணம் அந்த மதிப்பை வைத்துத்தான்.

பொறியாளர் இடம் பார்க்க வந்த அன்று காலை மழை. குடையைப் பிடித்துக்கொண்டு மனையின் நான்கு மூலையிலும் போய் நின்றார். என் வரைபடத்தைக் கையில் வாங்கி, வடக்கே திரும்பிப் பார்த்தார். "அந்த ஓட்டு வீடு இதில் இல்லையேம்மா?" என்றார். அந்த வீட்டுக்காரர்கள் துபாயில் இருக்கிறார்கள், நான்கு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, அதனால் நான் வரையச் சொல்லவில்லை. "ஆள் இல்லைன்னாலும் வீடு வீடுதானே" என்றார். அவர் சொன்னது நியாயம். டேப் பிடித்து அளந்தோம், வேலியிலிருந்து 62 மீட்டர். படத்தைத் திருத்திக் கொடுக்க இரண்டு வாரம் ஆனது.

நம் மாவட்டத்தில் இந்த வீடு விஷயம்தான் பெரிய விஷயம். மற்ற மாவட்டங்களில் ஊர் ஒரு இடம், நிலம் ஒரு இடம். இங்கே ஒவ்வொரு விளைக்குள்ளும் ஒரு வீடு. புகை, சத்தம், லாரி மூன்றும் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு நேரே வரும். எங்கள் முதல் பிளானில் சிரட்டை எரித்துக் கொப்பரை உலர்த்தும் கூடம் ஒன்று இருந்தது. கிழக்கு வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மூச்சிரைப்பு உள்ளவர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் புகை முழுவதும் அவர் வீட்டுக்குத்தான் போகும். அவர் புகார் எழுதுவதற்கு முன்னால் நானே பிளானை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன். ஒரு மணி நேரம் பேசினோம். சிரட்டைக் கூடத்தை எடுத்துவிட்டு, பாலித்தீன் கூரை போட்ட சூரிய உலர்த்தி வைப்பது என்று மாற்றினேன். மழை மாதங்களில் உலர்ந்த கொப்பரையாகவே வாங்கிக்கொள்கிறோம். கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஆகிறதுதான். ஆனால் இன்றுவரை அந்த வீட்டிலிருந்து ஒரு கடிதம்கூடப் போனதில்லை, எண்ணெயும் அவர்கள் நம்மிடம்தான் வாங்குகிறார்கள்.

எனவே விண்ணப்பம் போடும் முன் சுற்றியிருக்கிற வீடுகளுக்கு நீங்களே போங்கள். பிளானைக் காட்டுங்கள். எத்தனை மணிக்கு மெஷின் ஓடும், லாரி எப்போது வரும் என்பதைச் சொல்லுங்கள்.

நிறுவும் இசைவாணை வந்த மறுநாள்தான் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லருக்கு அட்வான்ஸ் போட்டேன்.

ஆட்கள் எண்ணிக்கை, தீ, பாய்லர்

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை வைத்துச் சட்டங்கள் மாறும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்சாரம் உண்டென்றால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் என்பது எல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பில் அது 20, 40 என்று உயர்ந்திருக்கிறது. எல்லைக்கு அருகில் இருக்கிறவர்கள் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் உங்கள் தாளைக் காட்டி, தங்கள் ஆலை உள்ளே வருகிறதா என்று எழுத்தாகக் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆட்களும் எண்ணிக்கையில் சேரும். உள்ளே வந்தால், கட்டுவதற்கு முன்பே பிளானுக்கு அவர்கள் ஒப்புதல் வேண்டும். கதவின் அகலம், ஜன்னல், கழிப்பறை, மெஷின்களுக்கு இடைவெளி எல்லாம் பார்ப்பார்கள். கட்டிய சுவரை இடிப்பதைவிட முதலிலேயே காட்டிவிடுவது லாபம். இஎஸ்ஐ 10 பேரிலிருந்து, பிஎஃப் 20 பேரிலிருந்து. எங்களிடம் ஏழு பேர்தான் என்பதால் எதிலும் வரவில்லை. ஆனாலும் ஆளுக்கொரு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறோம், பெல்ட் சுற்றும் இடத்துக்கெல்லாம் கூண்டு போட்டிருக்கிறோம். சேலைத் தலைப்பு மாட்டினால் என்ன ஆகும் என்பதைச் சின்ன வயதில் ஒரு மில்லில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தீயணைப்பு உரிமத்துக்குப் பக்கத்து நிலைய அலுவலர் வந்து பார்ப்பார். எண்ணெய், கொப்பரை இரண்டும் பிடித்தால் நிற்காது. தீயணைப்பான், மணல் வாளி, பின்பக்கக் கதவு மூன்றும் அவர் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

பாய்லர் வைக்கிறவர்களுக்கு, அதாவது முந்திரி வேகவைக்கிறவர்களுக்கும் ரப்பர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 1923 சட்டம் போய் 2025-இல் புதிய கொதிகலன்கள் சட்டம் வந்திருக்கிறது. பதிவும் சோதனையும் அப்படியே தொடர்கின்றன. பழைய பாய்லர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதன் பதிவு எண்ணும் கடைசிச் சோதனைச் சான்றும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மின்சாரம்

இப்போது அந்த 17-க்கும் 15-க்கும் வருவோம். எக்ஸ்பெல்லர் 10 ஹெச்பி, கொப்பரை வெட்டும் மெஷின் 3, ஃபில்டர் பிரஸ் 2, எலிவேட்டர் 1, கிணற்று மோட்டார் 1. ஆக 17 ஹெச்பி. ஒரு ஹெச்பி 0.746 கிலோவாட், பெருக்கினால் 12.7. எங்கள் எலெக்ட்ரீசியன் ஒருவர்தான் சொன்னார், "அக்கா, 12 கிலோவாட்டுக்குள்ள நின்னா குறுந்தொழில் கட்டணம், தாண்டினா பெரிய கட்டணம்." யூனிட் விலை மட்டுமல்ல, மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணமும் கூடும். நாங்கள் உட்கார்ந்து பேசினோம். நாளுக்கு 500 கிலோவுக்கு 2 ஹெச்பி வெட்டும் மெஷின் போதும், எலிவேட்டருக்கும் கிணற்றுக்கும் அரை அரை போதும். 15 ஹெச்பி, 11.2 கிலோவாட். விளக்கு, ஃபேன் சேர்த்தும் 12-க்குள் நின்றது. நல்ல முடிவு, ஆனால் தாமதமான முடிவு. ஒரு விண்ணப்பம் பழைய கணக்கில் போயிருந்தது, அதுதான் திரும்பி வந்தது. மெஷின் பட்டியலை இறுதி செய்த பிறகே எந்த விண்ணப்பத்தையும் தொடுங்கள்.

கனெக்ஷன் வந்ததும் தொழில் மையத்தில் தாழ்வழுத்த மின்கட்டண மானியத்துக்கு எழுதுங்கள். குறு உற்பத்தி ஆலைகளுக்குக் கட்டணத்தில் 20 சதவீதம், 36 மாதத்துக்கு. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் தெரியாமலே விட்டிருக்கிறார்கள்.

உணவுப் பொருள் என்றால்

உணவுப் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில் விற்கக் கூடாது. நான் எடுத்தபோது வருட விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் பதிவு மட்டும், வருடம் 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம். எங்களுக்கு 3,000 ரூபாய் ஆனது. ஆலை பிளான், மெஷின் பட்டியல், கிணற்றுத் தண்ணீரின் ஆய்வறிக்கை, வேலையாட்களின் மருத்துவச் சான்று எல்லாம் கேட்டார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஜன்னலுக்குக் கொசுவலை, விளக்குகளுக்குக் கண்ணாடி உடைந்து விழாத மூடி இரண்டும் இல்லை என்று குறித்தார். முதலிலேயே போட்டுவிடுங்கள்.

சமையல் எண்ணெய் செய்கிறவர்கள் மத்திய அரசின் தாவர எண்ணெய் ஒழுங்குமுறை ஆணையின் கீழும் பதிவு செய்து மாதக் கணக்கு அனுப்ப வேண்டும். 2025-இல் திருத்தி இறுக்கியிருக்கிறார்கள்.

தராசு முத்திரையும் பாக்கெட் பதிவும் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கையில். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் முத்திரை. பாட்டிலில் அடைத்து விற்கிறவர் என்று பதிவு எடுக்க வேண்டும். லேபிள் அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரதியை அந்த அலுவலகத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 14 இலக்க உரிம எண், விலை, அடைத்த மாதம், தொடர்பு எண், பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். எண்ணெயாக இருந்தால் மில்லியுடன் கிராமும் போட வேண்டும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து பாட்டிலில் இறங்கி நிற்கும்போது "அளவு குறையுது" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு, லிட்டர் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினால் போதும்.

வேறு தொழில்காரர்களுக்குச் சுருக்கமாக: ரப்பர் வாங்கிப் பதப்படுத்துகிறவர்களுக்குக் கோட்டயத்தில் தலைமையகம் உள்ள ரப்பர் வாரியத்தின் உரிமம், மரம் அறுக்கிறவர்களுக்கு வனத்துறை உரிமம், வளைகுடாவுக்குச் சிப்ஸ் அனுப்புகிறவர்களுக்கு ஏற்றுமதி இறக்குமதி எண். கடைசிக்கு 500 ரூபாய்தான், ஆன்லைனில் முடியும்.

ஓட ஆரம்பித்த பிறகு

கட்டடம் முடிந்து மெஷின் பொருத்தியதும் மாசு வாரியத்தில் இயக்கும் இசைவாணைக்கு எழுதுங்கள். சோதனை ஓட்டத்துக்கு அப்பால் அது வராமல் ஓட்டாதீர்கள். எங்களுக்கு 2024 மார்ச் கடைசியில் வந்தது.

உரிமங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் முடியும். ஊராட்சி உரிமம் நிதியாண்டுக் கணக்கு, தராசு அது முத்திரை வாங்கின மாதம், தீயணைப்பு வேறு, உணவு வேறு. ஆபீஸ் அறைச் சுவரில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொன்றின் பிரதியையும் ஒட்டி, முடியும் தேதியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அசல்கள் வீட்டு பீரோவில். மெஷின் மாற்றினாலோ புதுசு சேர்த்தாலோ, எண்ணெயோடு பிண்ணாக்குத் தூள் பாக்கெட் என்று புதுப் பொருள் தொடங்கினாலோ, மறுபடி எல்லா இடத்திலும் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரே தாளை எடுத்துத் திருத்திக்கொண்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

மைனி மகன் அன்றைக்கு இரவே செல்போனில் அ-பதிவேட்டைப் பார்த்தான். புஞ்சைதான். ஆனால் பட்டா மூன்று பேர் பெயரில் இருக்கிறது, அதில் ஒரு சித்தப்பா மும்பையில். உட்பிரிவுக்கு அவர் சம்மதம் வாங்கி இப்போது எழுதிக்கொடுத்திருக்கிறான். சிப்ஸ் பொரிக்கும் அடுப்பு விறகா, கேஸா என்று முடிவுசெய்து தாளை எழுதி வைக்கச் சொன்னேன். ஆதாரோடு பழைய செல்போன் எண் இணைந்திருக்கிறது, அதை மாற்ற நாளை நாகர்கோவிலுக்குப் போகிறான். அது மாறினால்தான் உத்யம் பதிவுக்கு ஓடிபி வரும்.